மாமாவின் ராத்திரி மாத்திரை

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, தேறினவர்களை மட்டும் உள்ளே விட வேண்டும் என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால் முதல் ஓட்டு என்னுடையது. என் மாமனார் சிவகுரு எங்கள் வீட்டில் படுத்திருந்த அந்த ஆனி மாதத்தில், ஆப்பிள் பையோடு வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றியதும் நேரே அவர் முகத்தருகே குனிந்து கேட்டது ஒரே கேள்விதான். "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்?"

மாமா விழிப்பார். பிறகு மரியாதைக்காகச் சிரிப்பார். அதோடு விட மாட்டார்கள். "நல்லா பாருங்க மாமா. உங்க தம்பி சம்சாரத்துக்கு அண்ணன் மொறை." நல்ல நினைவோடு இருந்த காலத்திலேயே மாமாவுக்கு அந்த ஆளை அடையாளம் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி "ரொம்பத்தான் ஆயிடுச்சு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு மாமா போர்வையைச் சுருட்டுவார், பிரிப்பார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். பெயிலான பையனைப் போல முகம் சுண்டிக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு எளிதில் பற்றிக்கொள்ளும். திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். குழாயும் ஆணியும் வாங்க வருகிறவர்களிடமே என் பொறுமை எல்லாம் செலவாகிவிடுகிறது, வீட்டுக்கு மிச்சம் வருவதில்லை என்று என் மனைவி சிவப்ரியா சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

மாமா சிதம்பரம் மேல வீதியில் பாத்திர வாடகைக் கடை நடத்தியவர். அண்டா, ஜல்லிக்கரண்டி, நாற்காலி, ஷாமியானா என்று அந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவும் அவர் கடைப் பாத்திரம் இல்லாமல் நடந்ததில்லை. இப்போது கடையை அவர் மகன் உத்திராபதி பார்த்துக்கொள்கிறான். சிவப்ரியாவுக்குத் தம்பி, எனக்கு மச்சான். இரண்டு வருஷமாகவே மாமாவுக்கு மறதி இருந்தது. சாப்பிட்டதை மறந்து மறுபடி இலை போடச் சொல்வார், தெருப் பெயரை மாற்றிச் சொல்வார். ஆனால் ஆள் அமைதி. வைகாசியில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தோம். எலும்பு கூடியது. ஆள்தான் கலைந்து போனார்.

மயக்க மருந்து தெளிந்த மறுநாளிலிருந்தே அவருக்கு இது ஆஸ்பத்திரி என்று புரியவில்லை. மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்து, பந்தல் சாய்கிறது, கம்பைப் பிடியுங்கள் என்று கத்தினார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்பைப் பிடுங்கி எறிந்தார். அன்று இரவு அவரோடு தங்கியிருந்தவன் உத்திராபதி. காலையில் சிவப்ரியா இட்லியோடு போனபோது அப்பாவின் இரண்டு மணிக்கட்டும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன. நர்சுகள் கட்டினார்கள், மச்சான் கூட நின்று பிடித்துக்கொண்டான். வேறு வழி இல்லை என்றான்.

சிவப்ரியா கட்டை அவிழ்த்தாள். சிவந்து தடித்திருந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். "இனிமே எங்கப்பா கையை யாரும் கட்டக் கூடாதுங்க. யாரா இருந்தாலும் சரி." பெண் வீட்டில் போய்ப் படுப்பதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்ததை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் டிஸ்சார்ஜ் அன்று நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம்.

வந்தாரே தவிர தூங்கவில்லை. பகலில் கண் சொருகும். விளக்கு வைத்தால் விழித்துக்கொள்வார். விடிகிற வரைக்கும் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவார், இறங்கப் பார்ப்பார். இன்னொரு தடவை விழுந்தால் அந்த எலும்பு தாங்காது. சிவப்ரியா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருந்தாள். ஆபீசுக்கு லீவு போட்டாள். அவள் கண்ணைச் சுற்றிக் கருத்துப் போனது.

உத்திராபதி வந்து பார்த்தான். ஐந்து நிமிஷம் நின்றான். அப்பாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் என்னை வெளியே கூப்பிட்டான்.

"மாமா, இது நம்மால ஆவாது. சிதம்பரத்துக்கு வெளிய ஒரு முதியோர் ஹோம் இருக்கு, சொல்லி வெச்சிட்டேன். கோயில் தேருக்கு கடையில தலைக்கு மேல வேலை. திருமஞ்சனம் முடிஞ்ச ஞாயித்துக்கெழம கார எடுத்துக்கினு வரேன். அதுக்குள்ள ராத்திரில தூங்க ஆரம்பிச்சாருன்னா இங்கியே இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிக்கினு போயிடறேன். அக்கா செத்துப்போயிடும் மாமா."

கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. அண்டாவைத் திருப்பி வாங்கி அடுக்குகிற மாதிரி அப்பாவை அடுக்கப் பார்க்கிறான் என்று அவன் போன பிறகு சிவப்ரியாவிடம் கத்தினேன். ஆனாலும் கடைக்குச் சரக்கு எடுக்கப் போன சாக்கில் அந்த ஹோமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூடம் சுத்தமாகத்தான் இருந்தது, பினாயில் வாசனை வந்தது. நல்ல பகல் வெளிச்சத்தில் அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில்களின் ஓரத்தில் பட்டை வார் தொங்கியது. வீட்டுக்கு வந்ததும் சிவப்ரியா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

மஞ்சக்குப்பத்தில் வயதானவர்களுக்கென்றே பார்க்கிற டாக்டர் வித்யாலட்சுமியிடம் போனது அதற்குப் பிறகுதான். சின்ன வயசு. முதல் வேலையாக மாமாவின் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கழற்றிய கண்ணாடி என் பீரோவில் பத்திரமாக இருந்தது. கண்ணாடி இல்லாமல் இத்தனை நாளும் மனிதர் எங்களை எல்லாம் புகை மாதிரிதான் பார்த்திருக்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர், ஏற்கெனவே மறதி இருக்கிறவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வருவதுதான் என்றார் டாக்டர். இருட்டியதும் உடம்பில் ஒன்று சுரந்து, ராத்திரி ஆயிற்று என்று மூளைக்குச் சொல்லுமாம். வயதானால் அது குறைந்துவிடும். ஆஸ்பத்திரியில் எந்நேரமும் டியூப் லைட் எரிந்ததில் இவருக்குப் பகலும் இரவும் கலந்துவிட்டன. மெலடோனின் என்று ஒரு மாத்திரை எழுதினார். ஆளை அடித்துப் போடுகிற தூக்க மாத்திரை இல்லை, அந்தச் சுரப்பேதான் மாத்திரையாக வருகிறது. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். பகலில் ஜன்னல் பக்கம் வெயிலில் உட்கார வைக்க வேண்டும், தூங்க விடக் கூடாது. இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும். யாரும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது. நாங்களே பெயரைச் சொல்லிக்கொண்டு பேச வேண்டும். எனக்கு டாக்டர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

"மறதி சரியாயிடுமா டாக்டர்?" என்று சிவப்ரியா கேட்டாள்.

"அது ஆவாதும்மா," என்றார். "இந்த மாத்திரை ஞாபகத்தைத் திருப்பித் தராது. சிலருக்கு நல்லா கேக்குது, சிலருக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. இவருக்குக் கேட்டா ராத்திரி தூக்கம் வரும், பயம் கொறையும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

முதல் சில நாட்கள் கேட்டது. நடுவில் எழுந்தாலும் மறுபடி படுத்துக்கொண்டார். சிவப்ரியா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். காலையில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கம்மாள் அத்தை வந்து சேர்ந்தார். மாமாவின் தங்கை, சிதம்பரத்தில் அவரோடேயே இருந்தவர். சிவப்ரியா அத்தை என்று கூப்பிடுவதால் எனக்கும் அத்தை. திருவிழாக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் பரங்கிப்பேட்டை வழியாகச் சுற்றி வந்தேன் என்று சொல்லிக்கொண்டே பையை வைத்தவர், நேரே அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்களுக்கு உயிர் வந்தது. மாமா எங்கள் கையில் வாங்காத சோற்றையும் அத்தை கையில் வாங்கிக்கொண்டார். சாயங்காலப் பால் இலாகாவும் அத்தையுடையதே.

ஆனால் நாலைந்து நாளில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மாமா முன்னைவிட மோசமானார். நெஞ்சு படபடவென்று அடித்தது, முகம் சிவந்தது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுவரில் யாரோ ஏறுகிறார்கள் என்று விரல் காட்டினார். என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "அந்த மாத்திரை சூடு," என்றார் அத்தை. "நாக்கு எப்படிக் காஞ்சிருக்கு பாரு. இங்கிலீஷ் மருந்து எல்லாம் சூடுதான்." நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் நாடி பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார். நாடி ஓடியதே தவிர, காரணம் எதிலும் தெரியவில்லை. இந்த மாத்திரைக்கு இப்படி வராதே என்று யோசித்தார்.

வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நானும் சிவப்ரியாவும் அத்தையும் ஒரே மாதிரி தலையாட்டினோம். இல்லை. இருமல் மருந்து, ஆயுர்வேதம், அடுத்த வீட்டில் கொடுத்தது எதாவது? இல்லவே இல்லை.

அதற்குள் தேர் நெருங்கிவிட்டிருந்தது. உத்திராபதி குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான். "நாமதான் பிடிவாதம் பிடிக்கிறோமா?" என்று சிவப்ரியா என்னிடம் கேட்டாள். "அங்கயாச்சும் டாக்டர் இருப்பாங்கல்ல?" எதற்கும் அழாதவள் அன்று அழுதாள். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் ஞாயிறு. மதியம் வத்தக்குழம்பும் அப்பளமும் ஒரு பிடி பிடித்துவிட்டு அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். மேடையில் ஒரு டம்ளர் பால் மூடி வைத்திருந்தது. மாமா நாற்காலியிலேயே அசந்துபோயிருந்தார், சிவப்ரியாவும் கண் அயர்ந்திருந்தாள், அத்தை கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பாலின் மேல் பழுப்பாக ஏதோ மிதந்தது. பாதாம் என்று நினைத்தேன். பாலை வீணாக்கக் கூடாது என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம், பனங்கற்கண்டு வாசனை. ஒரே மூச்சில் குடித்தேன். அடியில் மண்டி கசந்தது. அதையும் விடவில்லை.

சாயங்காலம் சிமெண்ட் மூட்டை இறக்கக் கடைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு துணி மாதிரி ஆனது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் நனையவில்லை. நெஞ்சு காதுக்குள் அடித்தது. அடுக்கியிருந்த பெயிண்ட் டப்பாக்கள் ஒன்றையொன்று பார்த்துச் சிரிப்பது போல இருந்தது, நானும் சிரித்தேன். லாரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பீர் வாசனைகூட அறியாத எனக்கு அந்தப் பார்வை புரியவே நேரமாயிற்று. வண்டியை எடுக்கப் பயமாகி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

உள்ளே நுழைந்தால் அது என் வீடுதான். ஆனால் என் வீடு மாதிரி கட்டி வைத்திருக்கிற வேறு ஏதோ ஒன்று என்று தோன்றியது. கொடியில் தொங்கிய என் சட்டைக்குள் ஒரு ஆள் நின்றான். ஒரு பெண் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். வேண்டியவள் என்று தெரிந்தது. யார் என்று எட்டவில்லை. அவள் என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள். "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?"

பயந்து போனேன். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே பதில் அது, அது என்னிடம் இல்லை. அவள் காத்திருந்தாள். நான் சிரித்தேன். மாமா சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அவர் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நடந்ததை சிவப்ரியா சொல்லித் தெரிந்துகொண்டேன். டாக்டருக்குப் போன் செய்திருக்கிறாள். என்ன சாப்பிட்டார் என்று அவர் கேட்க, குழம்பு, அப்பளம், மோர் என்று இவள் அடுக்க, அடுப்படி வாசலில் நின்ற அத்தை மெதுவாகக் கேட்டிருக்கிறார். "அங்க வெச்சிருந்த பாலக் குடிச்சிட்டாரா?"

பாலில் இருந்தது ஜாதிக்காய்.

நம் வீடுகளில் தூக்கம் வராத குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் பாலில் ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பது புதிதில்லை. கல்லில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுக்கிற குன்றிமணி அளவு. அத்தையும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார். அண்ணன் தூங்கவில்லை. மறுநாள் கொஞ்சம் கூட்டினார், அப்படியும் தூங்கவில்லை. கூட்டிக் கூட்டி, ஒரு முழுக் காயையும் பொடித்துப் போடுகிற அளவுக்குப் போய்விட்டது. அன்று பகலிலாவது தூங்கட்டும் என்று மத்தியானத்துக்கும் சேர்த்துக் கலந்ததைத்தான் நான் குடித்தேன்.

அடுத்த வீட்டு ஜான்சியை மாமாவுக்கும் அத்தைக்கும் துணையாக வைத்துவிட்டு சிவப்ரியா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். டிரிப் ஏற்றினார்கள். நானும் கையை உதறினேனாம். என் கையை யாரும் கட்டவில்லை. அவள் பிடித்துக்கொண்டு, "நான் சிவப்ரியா, உங்க சம்சாரம், இது ஆஸ்பத்திரி, காலைல வீட்டுக்குப் போயிடலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் குரல் மட்டும் நினைவிருக்கிறது.

டாக்டர் மறுநாள் விளக்கினார். ஒரு சிட்டிகை ஜாதிக்காய் பரவாயில்லை, ஒரு முழுக் காய் விஷம். சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், ஒரு நாள் முழுக்க இறங்காது. எனக்கே இப்படி என்றால், ஏற்கெனவே குழம்பியிருக்கிற வயதானவருக்கு என்ன ஆகும்? மெலடோனின் பாட்டுக்கு ராத்திரி ஆயிற்று என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருக்க, ஜாதிக்காய் அதைப் பேசவே விடவில்லை. மாத்திரையைத் திரும்பவும் ஆரம்பியுங்கள், பாலில் எதுவும் வேண்டாம் என்றார். நாங்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார்.

"டாக்டரம்மா மருந்து குடுக்கறீங்களான்னுதான கேட்டாங்க?" என்றார் அத்தை, வீட்டில். "அது மருந்தா? பாலுதான?"

சிவப்ரியா வெடித்துவிட்டாள். இத்தனை நாள் தூங்காத கோபம் எல்லாம் அத்தை தலையில் இறங்கியது. அப்பாவைக் கொல்லப் பார்த்தாயே, அவரை ஹோமில் கட்டிப்போட நீயே வழி செய்தாயே என்றாள். அத்தை பையை எடுத்துத் துணிகளை மடித்து வைத்தார். "ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னு கூப்பிடறாரு," என்றார் துணியைப் பார்த்துக்கொண்டே. "எங்கம்மா இருந்திருந்தா இதத்தான் குடுத்திருப்பா. எனக்குக் கேக்கத் தாங்கலடி." அதற்கு மேல் மடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கமாக அந்த வீட்டில் கத்துகிறவன் நான். கத்த உரிமையும் அன்றைக்கு எனக்குத்தான் இருந்தது, ஜாதிக்காய் என் வயிற்றுக்குள்தானே போனது. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. டாக்டர் கேட்டபோது மூன்று பேரும்தான் தலையாட்டினோம், பாலில் என்ன போடுகிறீர்கள் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்று சிவப்ரியாவிடம் சொன்னேன். அவள் போய் அத்தையின் பையிலிருந்து புடவைகளை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் அடுக்கினாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் நான் காவல் நின்றேன். ஆப்பிள் பைகளை வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு சித்தப்பா முறைக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, நல்லதுதான். காலையில் மாமாவை வாக்கர் பிடிக்க வைத்து ஜன்னலோரம் கொண்டுவந்து உட்கார்த்துவோம். அத்தை எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, நான் தங்கம், உன் தங்கச்சி, இது சிவப்ரியா வீடு என்று சொல்லிக்கொண்டிருப்பார். இருட்டினதும் டிவியை நிறுத்தினோம். சாப்பாடு முடிந்ததும் மாத்திரை. ஜாதிக்காய் இறங்க இரண்டு நாளானது. அதற்குப் பிறகு தூக்கம் வந்தது. ஒரேயடியாக வந்துவிடவில்லை, நடுவில் ஒரு ராத்திரி மறுபடி பந்தல் சாய்ந்தது. ஆனால் மற்ற இரவுகளில் தூங்கினார். சிவப்ரியாவின் குறட்டையை நான் வெகு நாளைக்குப் பிறகு கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் உத்திராபதி கார் எடுத்துக்கொண்டு வந்தான். கையில் ஒரு பெரிய பை. புது வேட்டி, புது துண்டுகள். ஹோமில் துணி கலந்து போகாமல் இருக்க ஓரத்தில் மார்க்கரில் மாமாவின் பெயரை எழுதியிருந்தான். அதைப் பார்த்ததும் என் வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை கேட்கத்தான் இருந்தேன். ராத்திரியில் தூங்குகிறார் என்று நாங்கள் சொன்னதை அவன் நம்பவில்லை. நாங்கள் அவரை விட்டுவிட மனமில்லாமல் சொல்கிறோம் என்று நினைத்தான். "நானே பாக்கறேன்," என்று உள்ளே போனான்.

மாமா முகம் மழித்து, கண்ணாடி போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உத்திராபதியை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. ஆனால் யார் என்றும் தெரியவில்லை.

"வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க. ஒக்காருங்க."

"இது உத்திராபதிப்பா" என்று சொல்ல சிவப்ரியா வாயைத் திறந்தாள். அவன் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"விசேஷம் எப்ப?" என்று மாமா கேட்டார்.

உத்திராபதி எங்களைப் பார்த்தான். "இன்னும் நாள் பாக்கலீங்க."

"பாத்துட்டு கடைக்கு வாங்க. எம் பையன் இருப்பான். ஒரு கரண்டி கொறையாது, அவன்கிட்ட." மாமா இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டார். அந்த இடத்தில் இப்போது தழும்பு எதுவும் இல்லை. "ஆஸ்பத்திரில என் கையக் கட்டிப்புட்டாங்க தம்பி."

அத்தை கீரையைக் கீழே வைத்தார்.

"எம் பையன்தான் புடிச்சிக்கினான். அழுதுக்கினே புடிச்சான். அவன் கண்ணுத்தண்ணி என் கை மேல விழுந்துச்சு." மாமா கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ரகசியம் போலச் சொன்னார். "அப்புறம் அவன் என் மூஞ்சியவே பாக்கறதில்ல. நீங்க கடைப் பக்கம் போனீங்கன்னா அவன்கிட்ட சொல்லுங்க. உங்கப்பாவுக்கு வலிக்கலயாம்னு சொல்லுங்க."

மச்சான் அழுதான் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் அவன் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவனைப் பற்றி நான் என்னென்னவோ பேசியிருந்தேன்.

"சொல்றேங்க," என்றான் உத்திராபதி. அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய், காரில் சாய்ந்து நின்றுகொண்டு ஹோமுக்குப் போன் செய்தான். எங்கப்பாவுக்கு இடம் வேண்டாம் என்று அவன் சொல்வது உள்ளே வரைக்கும் கேட்டது. அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று தடவை தேவைப்பட்டது.

மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தம்பிக்கு வீட்டுல என்னா கஷ்டமோ," என்றார். "சாப்பிட வெச்சு அனுப்புங்க."